கூரைக்குத் தகரம் வந்த கதை

மார்ச் பிறந்தால் மேற்குக் கென்யாவில் பெருமழைக் காலம். விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா மாவட்டத்தில், மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்த மாதத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கும். வயலில் மக்காச்சோளம் விதைத்தாக வேண்டும். வீட்டில் ஒழுகுகிற இடமெல்லாம் பார்த்துப் பாத்திரம் வைத்தாக வேண்டும். நனைந்த புல் மக்கும். மக்கிய புல்லில் பூச்சி ஏறும். சில ஆண்டுகளுக்குள்ளேயே பிரித்து மறுபடி வேய வேண்டும். புல்லுக்கும் வேய்கிற கூலிக்கும் திரும்பத் திரும்பச் செலவழிப்பதைவிட, பல ஆண்டுகள் நிற்கும் தகரக் கூரைதான் லாபம். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தகரத்துக்குப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்த மொத்தம்தான் ஒருபோதும் கையில் சேர்வதில்லை.

அதே புல் கூரைதான் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி திறந்தது. 2014ஆம் ஆண்டின் நடுவில் ‘கிவ்டைரக்ட்லி’ என்ற தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் சியாயா கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. சிபாரிசுக் கடிதமும் கேட்கவில்லை. கூரை புல்லா, தகரமா என்று பார்த்தார்கள். புல் என்றால் அந்தக் குடும்பம் உதவிக்குத் தகுதி பெற்றது. ஏறக்குறைய மூன்றில் ஒரு வீடு அப்படித்தான் இருந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 653 கிராமங்களில் குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்தெடுத்து, சுமார் 10,500 குடும்பங்களுக்கு 2017 தொடக்கம்வரை பணம் அனுப்பினார்கள். மீதிக் கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஒரு குடும்பத்துக்கு 87,000 கென்ய ஷில்லிங். அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 டாலர். முதலில் 7,000, இரண்டு மாதம் கழித்து 40,000, அதற்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு 40,000. அங்கே ஒரு சராசரிக் குடும்பம் ஓராண்டு முழுக்கச் செலவழிப்பதில் இது முக்கால் பங்கு. திருப்பித் தர வேண்டியதில்லை. இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஏழைக்கு ஆடு கொடுக்கலாம், விதை கொடுக்கலாம், பயிற்சி கொடுக்கலாம். பணத்தை அப்படியே கையில் கொடுக்கத்தான் உதவி செய்கிறவர்களுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. 1997இல் மெக்சிகோ ‘ப்ரோக்ரேசா’ திட்டத்தைத் தொடங்கியபோதும், 2003இல் பிரேசில் ‘போல்சா ஃபமிலியா’வைத் தொடங்கியபோதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிவர வேண்டும் என்று நிபந்தனை வைத்தே பணம் கொடுத்தார்கள். சியாயாவில் அதுவும் இல்லை. போன பணத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு விவசாயக் குடும்பத்துக்குள் ரொக்கம் நுழைந்தால் என்ன நடக்கிறது என்பதை இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறது.

பைசா, பெசா

கிவ்டைரக்ட்லியைத் தொடங்கிய மைக்கேல் ஃபே, பால் நீஹாஸ், ரோஹித் வாஞ்சூ, ஜெரமி ஷபைரோ ஆகிய நால்வரும் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர்கள். தாங்கள் கொடுக்கும் நன்கொடை சேதாரமில்லாமல் ஏழையின் கைக்கே போய்ச் சேர என்ன வழி என்று தேடினார்கள். கென்யாவில் அந்தப் பாதை ஏற்கெனவே போட்டுக் கிடந்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் அங்கே ‘எம்-பெசா’ என்ற சேவையைத் தொடங்கியிருந்தது. ‘பெசா’ என்றால் ஸ்வாஹிலி மொழியில் பணம். நமக்குத் தெரிந்த ‘பைசா’தான் கடல் கடந்து அங்கே அப்படி ஆகியிருக்கிறது. முன்னால் நிற்கும் ‘எம்’ மொபைலைக் குறிக்கும்.

சாதாரண பட்டன் போன் போதும். பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி வரும். சந்தைத் தெருவில் பச்சை வண்ணம் அடித்த முகவர் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, ரகசிய எண்ணை அழுத்தினால் கடைக்காரர் நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். நடுவில் அதிகாரி இல்லை, ஊர்த் தலைவர் இல்லை, கமிஷன் கேட்கும் தரகரும் இல்லை. எவ்வளவு எடுப்பது, எவ்வளவு போனிலேயே விட்டுவைப்பது என்பதை வைத்திருப்பவரே முடிவு செய்யலாம். இடுப்பில் முடிந்து வைத்த நோட்டு எல்லார் கண்ணிலும் படும். போனுக்குள் இருக்கும் பணம் படாது. குடும்பச் செலவை இழுத்துப் பிடிக்கும் பெண்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும்.

குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா?

இப்படி ஒரு திட்டம் என்று சொன்ன உடனே எழும் கேள்வி இதுதான். சும்மா வந்த காசு சாராயத்துக்குத்தானே போகும்?

சியாயாவின் ராரியேடா பகுதியில் 2011இல் இதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியது. யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் என்ற பொருளாதார அறிஞரும், நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான ஷபைரோவும் இதை நடத்தினார்கள். யாருக்குப் பணம் என்பதைக் குலுக்கிப் போட்டார்கள். கணவனுக்கா மனைவிக்கா, மாதாமாதமா மொத்தமாகவா, சிறிய தொகையா பெரிய தொகையா என்பதையும் குலுக்கிப் போட்டார்கள். 2016இல் முடிவுகள் வெளியாயின. பணம் வாங்கிய குடும்பங்களின் மாதச் செலவு, வாங்காத குடும்பங்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. கால்நடை, வீட்டுச் சாமான் போன்ற சொத்துகளின் மதிப்பு பாதிக்கு மேல் உயர்ந்திருந்தது. மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை.

இது ராரியேடாவில் மட்டும் கண்டதல்ல. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பண உதவியால் குடியோ புகையோ கூடியதாக அவற்றில் பொதுவாகத் தெரியவரவில்லை. சில இடங்களில் குறைந்திருந்தது.

அப்படியானால் பணம் எங்கே போயிற்று? முதலில் வயிற்றுக்கு. சியாயாவில் அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள மாவைக் கிளறிய உகாலி. தொட்டுக்கொள்ள ‘சுகுமா விக்கி’ என்ற கீரை. ‘வாரத்தைத் தள்ளு’ என்று அதற்குப் பொருள். கையில் காசு இல்லாத நாளிலும் வாரக் கடைசிவரை ஓட்ட உதவுகிற கீரை என்பதால் அந்தப் பெயர். ஏரியில் பிடிக்கும் ஓமேனா என்ற பொடிமீன் என்றைக்காவது சேரும். பணம் வந்த வீடுகளில் மீனும் இறைச்சியும் தட்டில் கூடின. ஒரு வேளை பட்டினி கிடந்து சமாளிப்பது குறைந்தது. மாதாமாதம் வாங்கியவர்கள் சாப்பாட்டில் நிமிர்ந்தார்கள். மொத்தமாக வாங்கியவர்கள் நீடித்து நிற்கும் பொருள்களை வாங்கினார்கள்.

அந்தப் பொருள்களில் முக்கியமானது எது என்பதை ஊகிப்பது கடினமல்ல. பணம் கிடைக்காத வீடுகளில் 16 சதவீதம்தான் தகரக் கூரைக்கு மாறியிருந்தன. பணம் கிடைத்த வீடுகளில் அது மேலும் 23 சதவீதப் புள்ளிகள் கூடியது. கூரையை வைத்து ஏழை என்று அடையாளம் கண்டார்கள். பணம் கிடைத்ததும் பலர் முதலில் கூரையைத்தான் மாற்றினார்கள். தங்கள் வீட்டில் எது ஒழுகுகிறது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் மனநிலையும் மாறியது. மகிழ்ச்சி, மனநிறைவு, கவலை, சோர்வு ஆகியவற்றை அளக்கும் கேள்விகளுக்குப் பணம் வாங்கியவர்கள் தெளிவாக மேம்பட்ட பதில்களைத் தந்தார்கள். அதே மக்களிடம் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வு, மனைவியிடம் பணம் போன வீடுகளில் கணவனின் அடிஉதை குறைந்திருந்ததைக் காட்டியது.

அவசரத்தில் விற்ற மக்காச்சோளம்

அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பணத்தின் அளவைப்போலவே அது வரும் நேரமும் முக்கியம். மேற்குக் கென்யாவில் அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் ஒரே நேரத்தில் மக்காச்சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவதால் விலை விழுகிறது. ஆனாலும் காத்திருக்க முடியாது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், வாங்கிய கடனை அடைக்க வேண்டும். சில மாதங்களில் வீட்டுக் குதிர் காலியாகும். அப்போது அதே மக்காச்சோளத்தை 25 முதல் 40 சதவீதம் கூடுதல் விலைக்குச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கிச் சாப்பிட வேண்டும். தான் விளைவித்ததைத் தானே அதிக விலை கொடுத்து வாங்கும் அவலம் அது.

மார்ஷல் பர்க், லாரன் பெர்குவிஸ்ட், எட்வர்ட் மிகுவெல் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியது. ‘ஒன் ஏக்கர் ஃபண்ட்’ என்ற அமைப்போடு சேர்ந்து, அறுவடை நேரத்தில் விவசாயிகளுக்குச் சிறுகடன் கொடுத்துப் பார்த்தார்கள். கடன் கிடைத்தவர்கள் தானியத்தை மூட்டை கட்டி வைத்திருந்து விலை ஏறியதும் விற்றார்கள். பள்ளிக் கட்டணம் கட்டக் கையில் வேறு பணம் இருந்ததால் அவர்களால் காத்திருக்க முடிந்தது. மற்றபடி நிலமும் விதையும் உழைப்பும் அதேதான்.

ஜாம்பியாவில் கதை வயலுக்குள்ளேயே நடந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்நாட்டு அரசு 2010இல் மாதாந்திர உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. குழந்தைகளுக்கென்று கொடுத்த பணம்தான். ஆனால் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்கள் பயிரிடும் நிலப்பரப்பு 36 சதவீதம் கூடியிருந்தது. விதைக்கும் உரத்துக்கும் கூலியாளுக்கும் முன்பைவிட அதிகம் செலவழித்திருந்தார்கள். தன் வயலில் களை மண்டிக்கிடக்க, அன்றைய சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் களை பறிக்கப் போவது எந்த ஊரிலும் ஏழை விவசாயியின் தலைவிதி. உதவித்தொகை வந்த பிறகு, குறிப்பாகப் பெண்கள், அப்படிக் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தங்கள் வயலில் இறங்கினார்கள்.

மாவு மில்காரருக்கும் ஒரு பங்கு

பணம் வாங்கிய குடும்பத்தோடு இது நிற்கவில்லை. சியாயாவில் உச்சகட்டத்தில் இறங்கிய தொகை, அந்த வட்டாரத்தின் மொத்தப் பொருளாதாரத்தில் சுமார் 15 சதவீதம். இவ்வளவு பணம் ஒரேயடியாகக் கிராமத்துக்குள் வந்தால் அரிசி, பருப்பு, மாவு விலை எகிறி, பணம் கிடைக்காதவர்கள் நசுங்கிப்போவார்கள் என்பதே பலரின் பயம்.

டென்னிஸ் எக்கர், ஹவுஸ்ஹோஃபர், மிகுவெல், நீஹாஸ், மைக்கேல் வாக்கர் ஆகிய ஐவரும் இதை வீடு வீடாகவும் கடை கடையாகவும் சந்தை சந்தையாகவும் அளந்தார்கள். 2022இல் வெளிவந்த அவர்களது முடிவின்படி, விலைவாசி சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியிருந்தது. ஊருக்குள் வந்த ஒவ்வொரு டாலரும் கைமாறிக் கைமாறிச் சுமார் இரண்டரை டாலர் பொருளாதார நடவடிக்கையாகப் பெருகியிருந்தது. ஒரு ஷில்லிங்கூட வாங்காத பக்கத்து வீட்டாரின் நுகர்வும், வாங்கியவர்களுடையதைப் போலவே உயர்ந்திருந்தது. அவர்களுக்குக் கூலி வேலை கூடுதலாகக் கிடைத்திருந்தது.

விலை ஏன் ஏறவில்லை? கிராமத்து மாவு மில்லுக்குப் போய் நின்றால் விடை தெரியும். மில்காரர் மெஷினையும் வாங்கிவைத்து, கடை வாடகையும் கொடுத்துக்கொண்டு, மூட்டை எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளுக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் இருபது பேர் வந்தால் அவர் இன்னொரு மெஷின் வாங்க வேண்டியதில்லை. அரவைக் கூலியை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. தையல்காரர், தச்சர், பெட்டிக்கடைக்காரர் எல்லாருக்கும் இதே நிலைதான். ஆளில்லாமல் காத்துக்கிடந்த கைகளுக்கும் கருவிகளுக்கும் வேலை வந்தது.

எல்லாமே இனித்தது என்று சொல்வதற்கில்லை. ராரியேடாவில் நடந்த முந்தைய ஆய்வில், பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் மனநிறைவு குறைந்திருந்தது. தன் கூரை நேற்றைப்போலவே ஒழுகும்போது அடுத்த வீட்டில் புதுத் தகரம் மின்னினால் மனம் வலிக்கத்தான் செய்யும்.

பேறுகாலம்

இந்தக் கணக்குகளிலெல்லாம் கனமானது 2025இல் வந்தது. வாக்கர், மிகுவெல் உள்ளிட்ட குழுவினர் அதே 653 கிராமங்களுக்குத் திரும்பிப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளின் விவரங்களைத் திரட்டினார்கள். பணம் கிடைத்த குடும்பங்களில், ஒரு வயது நிறையும் முன்பே குழந்தை இறப்பது 48 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து வயதுக்கு முன் இறப்பது 45 சதவீதம் குறைந்திருந்தது.

இது எப்படி நடந்தது? நிறைமாதக் கர்ப்பிணி மண்வெட்டியோடு வயலில் குனிந்து நிற்பது அங்கே அன்றாடக் காட்சி. ஒரு நாள் படுத்துவிட்டால் ஒரு நாள் சாப்பாடு போய்விடும். பணம் வந்த வீடுகளில், பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதங்களிலும் பிள்ளை பிறந்த கையோடும் தாய்மார்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு ஓய்வெடுத்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். வலி எடுத்ததும் வண்டி வைத்து மருத்துவமனைக்குப் போனார்கள். பேறுகாலத்தை ஒட்டிப் பணம் கிடைத்த குடும்பங்களிலும், மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்த குடும்பங்களிலும்தான் பலன் மிக அதிகமாக இருந்தது. ரொக்கம் ஒரு தாயை மருத்துவமனை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளே மருத்துவர் இருந்ததால் பிள்ளை பிழைத்தது. மருத்துவமனை கட்டுவதும் மருத்துவரை அமர்த்துவதும் அரசின் கடமையாக அப்படியேதான் இருக்கிறது. எத்தனை குறுஞ்செய்தி வந்தாலும் அதற்கு ஈடாகாது.

வேண்டாம் என்றவர்கள்

சியாயாவுக்குத் தெற்கே, ஏரியின் மறுபுறம் ஹோமா பே மாவட்டம். 2015இல் அங்கே போனபோது கிவ்டைரக்ட்லி நிறுவனத்தார் எதிர்பாராத ஒன்றைச் சந்தித்தார்கள். தகுதியுள்ள குடும்பங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் வேறு இடங்களில் மறுத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

ஊரில் வதந்தி பரவியிருந்தது: இது சாத்தானை வழிபடுகிறவர்களின் பணம், வாங்கினால் பின்னால் பெரிய விலை கொடுக்க வேண்டிவரும். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒன்றையும் எதிர்பார்க்காமல் இவ்வளவு பெரிய தொகையை எவரோ கொடுப்பார் என்று நம்ப அவர்களது அனுபவத்தில் எந்தக் காரணமும் இல்லை. கும்பிட்டு நின்று, கையெழுத்துப் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து உதவி வாங்கிப் பழகியவர்களுக்குக் கேள்வி கேட்காமல் வரும் பணம் சந்தேகத்தைத்தான் தரும்.

தரகர் இல்லாத பாதையிலும் திருட்டு நுழையும். கிழக்குக் காங்கோவில் 2022இல் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரே கூட்டுச் சேர்ந்து, ஏழைகளின் பேருக்குப் போன தொகையில் சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள். நிறுவனம் அதைத் தானே வெளியே சொன்னது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் ரொக்கத்துக்கும் மற்ற உதவிகளுக்கு உள்ள அதே ஆபத்து உண்டு.

மாதாமாதமா, மொத்தமா?

சிறுகச் சிறுகக் கொடுப்பதா, ஒரேயடியாகக் கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை தேட கென்யாவில் இன்னொரு பெரிய ஆய்வு 2018 முதல் நடக்கிறது. மொத்தம் 295 கிராமங்கள். 44 கிராமங்களில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 2,250 ஷில்லிங், 12 ஆண்டுகளுக்கு. 80 கிராமங்களில் அதே தொகை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். 71 கிராமங்களில் சுமார் 500 டாலர் மொத்தமாக. மீதி 100 கிராமங்கள் ஒப்பீட்டுக்கு. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும், எம்-பெசாவை ஆராய்ந்து பெயர் பெற்ற தவ்னீத் சூரியும் ஆய்வுக் குழுவில் இருக்கிறார்கள்.

2023இல் வந்த முடிவுகளின்படி, எந்தப் பிரிவிலும் மக்கள் உழைப்பைக் கைவிட்டுச் சோம்பி உட்காரவில்லை. பலர் கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் மாதப்பணம் வாங்கியவர்கள் தொழில் தொடங்குவதில் பின்தங்கினார்கள். மொத்தமாக வாங்கியவர்கள் முன்னேறினார்கள். 12 ஆண்டு வாக்குறுதி கிடைத்தவர்களும் அவர்களுக்கு இணையாக முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கும் மாதாமாதம் சின்னத் தொகைதானே வந்தது?

அதை மொத்தமாக்கும் வித்தையை அவர்களே கையாண்டிருந்தார்கள். கென்யாவில் அதற்குப் பெயர் ‘சாமா’. நம்மூர் குலுக்கல் சீட்டுக்கு நெருங்கிய சொந்தம். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 2,000 ஷில்லிங் போட்டால் ஒருவர் கையில் ஒரே நாளில் 20,000 இருக்கும். அடுத்த மாதம் அடுத்தவர். பணம் நின்றுவிடாது என்ற உறுதி இருந்ததால் கடைசி முறைக்குக்கூட அச்சமில்லாமல் காத்திருக்க முடிந்தது. இரண்டே ஆண்டில் பணம் நின்றுவிடும் ஊர்களில் அப்படிக் காத்திருக்கும் தைரியம் எல்லாருக்கும் வராது.

திட்டப்படி அந்த 44 கிராமங்களில் கடைசித் தவணை வர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை போனில் செய்தி விழுகிறது. சாமாக்காரர்கள் மரத்தடியில் கூடி நோட்டுப் புத்தகத்தில் பெயரைக் குறித்துக்கொண்டு காசைப் போடுகிறார்கள். முறை வந்தவர் விதை வாங்குகிறார், அல்லது ஆடு வாங்குகிறார், அல்லது பெருமழைக்கு முன்பாகத் தகரக் கடைக்குப் போய் எத்தனை தாள் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்.